ஸ்டியரிங் ஏன் இறுகுகிறது?

மோட்டார் வண்டியைப் பற்றிய கட்டுரைக்கு நம் சங்க இதழில் என்ன வேலை என்று தோழர்கள் சிலர் கேட்கக்கூடும். வேலை இருக்கிறது. நம்மில் பலர் படிப்பு முடிந்து முதற் சம்பளம் வாங்கியதும் பழைய சிறிய கார் ஒன்றைத்தான் வாங்கப் போகிறோம். ஸ்டியரிங் கெட்ட வண்டி பணத்தை மட்டும் கேட்பதன்று, உயிரையும் கேட்கும். ஆகவே இயற்பியல் மாணவனாகிய நான், சென்ற கோடை விடுமுறையில் எங்கள் ஊரிகத்தில் கற்ற பாடம் ஒன்றை இங்கே எழுத முற்படுகிறேன். (ஸ்டியரிங்கைச் சுக்கான் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பட்டறைக்குப் போய்ச் சுக்கான் இறுகிவிட்டது என்றால், மேஸ்திரி நம்மைத் துறைமுகத்துக்குப் போகச் சொல்லுவார்!)

ஊரிகம் கோலார் தங்கவயலைச் சேர்ந்தது. 1880-ஆம் ஆண்டையொட்டி ஜான் டெய்லர் கம்பெனியார் அங்கே சுரங்கத் தொழிலை மேற்கொண்ட பின், வடஆற்காட்டுப் பக்கமிருந்து பிழைப்புத் தேடிச் சென்ற தமிழர்களின் வழி வந்தவர்கள் நாங்கள். 2001-இல் சுரங்கம் மூடப்பட்டது. அது முதல் விடியுமுன்னே இரயிலேறிப் பெங்களூருக்குச் சென்று உழைத்து, இரவில் திரும்புவதே ஊரில் பலருடைய வாழ்வாயிற்று. என் தாத்தா நிலத்தடியில் பாறை துளைத்தவர். அந்தத் தூசி இன்றும் அவர் நுரையீரலில் இருக்கிறது. அவரை அடிக்கடி கோலார் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருந்ததால், மாமா தம் சேமிப்பைத் திரட்டி 2006-ஆம் ஆண்டு மாருதி 800 ஒன்றைப் பெங்களூரில் வாங்கி வந்தார்.

1983 டிசம்பர் 14-இல் முதல் வண்டி சாவி கைமாறியது தொடங்கி, 2014-இல் உற்பத்தி நிற்கும் வரை, நடுத்தரக் குடும்பங்கள் பல முதன்முதலில் ஏறிய கார் அது. 796 கன சென்டிமீட்டர் எஞ்சின். ஸ்டியரிங்குக்கு எண்ணெயோ மின்சாரமோ துணை செய்வதில்லை, கைவலிமை ஒன்றே. ஆகையால் கோளாறு எதுவாயினும் நேரே கைக்குத் தெரிந்துவிடும். மாமாவின் கைக்கு முதல் வாரமே தெரிந்தது. வளைவுகளில் சக்கரம் சற்று இறுகி, பிறகு சட்டென்று விடுபட்டது. ஒரு நாள் எதிரே லாரி வரும்போது அப்படி நேர்ந்தது. அன்று தாத்தா வண்டியில் இல்லை என்பதே ஆறுதல். பட்டறை ஒன்றில் காட்டியபோது, ஓட்டிப் பார்க்காமலே, “ரேக் முழுவதையும் மாற்ற வேண்டும்” என்று பெருந்தொகை கூறினார்கள்.

சுரங்கப் பட்டறையில் ஃபிட்டராக இருந்த பெரியவர் ஒருவர் எங்கள் தெருவில் வாழ்கிறார். அவர் சொன்னார்: “தம்பி, எங்கே இடறுதுன்னு முதல்ல பாரு. எதை மாத்துறதுன்னு அப்புறம் பேசலாம்.”

இனி அமைப்பைக் காண்போம். கையிலுள்ள சக்கரத்திலிருந்து ஒரு தண்டு கீழிறங்குகிறது. அது நேர்க்கோட்டில் செல்ல இயலாது. ஆகவே இடையில் ‘கிராஸ்’ எனப்படும் மூட்டு உண்டு. தண்டின் முனையிலுள்ள பினியன் என்னும் சிறு பற்சக்கரம், ரேக் என்னும் பற்கோலை இடமும் வலமும் தள்ளுகிறது. ரேக்கின் இரு முனைகளிலும் உள்ள டை ராடுகள் டயர்களைத் திருப்புகின்றன. டயரோடு சேர்ந்து ஸ்பிரிங்கும் திரும்புவதற்காக, அதன் உச்சியில் ஒரு பேரிங் இருக்கிறது. இவற்றுள் எது இறுகினாலும் கைக்குச் செய்தி வரும். ஆனால் எல்லாச் செய்தியும் ஒன்றன்று.

முதலில் டயரில் காற்றுப் பார்த்தோம். குறைவாக இருந்தது, நிரப்பியதும் பொதுவான கனம் குறைந்தது, இடறல் மட்டும் போகவில்லை. பிறகு பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கைப்பிரேக் இழுத்து, முன்புறத்தை ஜாக்கியால் தூக்கி, அடியில் தாங்கிகளை நிறுத்தினோம். (ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கடியில் தலை நீட்டும் வீரம் வேண்டவே வேண்டாம்.) தூக்கிய நிலையில் ஸ்டியரிங் இலேசாகச் சுழன்றால் டயர், காற்று, அலைன்மெண்ட் ஆகியவற்றின் மேல் ஐயம் கொள்ளலாம். ஆயினும் ஸ்பிரிங் மேலுள்ள பேரிங் சுமை ஏறினால்தான் தன் குணத்தைக் காட்டும். அதைத் தரையில் நிற்கும்போதே சோதிக்க வேண்டும். ஒருவர் சக்கரத்தைத் திருப்ப, மற்றவர் ஸ்பிரிங்கில் கை வைத்துப் பார்த்தால், பழுதான பேரிங்கில் ஸ்பிரிங் சீராகத் திரும்பாமல் ‘டங்’கென்று துள்ளும். எங்கள் வண்டியில் துள்ளவில்லை.

தூக்கிய பின்னும் இடறல் இருந்தது. பெரியவர் ஸ்டியரிங் சக்கரத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, இந்தக் கோடி முதல் அந்தக் கோடி வரை மெல்லத் திருப்பச் சொன்னார். இறுக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை, அரைச் சுற்றுக்கு ஒன்றாக வந்தது. என் படிப்பு பயன்பட்டது இங்கேதான். கிராஸ் மூட்டுக்கு இரண்டு அச்சுகள். தண்டுகள் கோணலாக நிற்பதால், ஒரு சுற்றுக்குள் ஒவ்வோர் அச்சும் ஒருமுறை முன்னும் ஒருமுறை பின்னும் மடங்கியாக வேண்டும். ஓர் அச்சில் துரு ஏறினால் சுற்றுக்கு இருமுறை தடை தோன்றும். ரேக்கில் பல் கெட்டிருந்தாலோ, எத்தனையாவது சுற்றாயினும் வராது. ரேக்கின் ஒரே இடத்தில் மட்டுமே இடறும். நேராக ஓடும்போது பயன்படும் நடுப்பற்களே மிகுதியாகத் தேயும். அந்த ஆட்டத்தைப் போக்க யாரேனும் சரிசெய்யும் திருகை முறுக்கியிருந்தால், நடுவில் சரியாகவும் இருபுறமும் இறுக்கமாகவும் இருக்கும். பழைய வண்டி வாங்குவோர் இதை மறவாதிருப்பது நலம்.

ஊகம் போதாது என்று, டை ராடு முனைகளைக் கழற்றினோம். இறுக்கம் அப்படியே இருந்தது. ஆகவே டயர்ப்பக்கம் குற்றமற்றது. பிறகு தண்டுக்கும் பினியனுக்கும் சுண்ணக்கட்டியால் அடையாளக் கோடு இட்டு, மூட்டின் போல்ட்டைக் கழற்றிப் பிரித்தோம். பினியன் கையால் வழவழவென்று சுழன்றது. மூட்டோ, ஒரு பக்கம் மடங்கியது. மறுபக்கம் மடங்க மறுத்தது. பாதி பாதியாகப் பிரித்துத் தேடும் முறை என்று நாம் வகுப்பில் படிப்பது இதுவே. (காற்றுப்பை உள்ள புதிய வண்டியில் இவ்வாறு பிரித்தால் சக்கரத்தைச் சுழலவிடாமல் கட்டிவைக்க வேண்டும், உள்ளிருக்கும் மின்சுருள் அறுந்துபோகும்.)

மூட்டோடு கூடிய கீழ்த்தண்டு புதிதாக வாங்கினோம். பட்டறையில் கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை. டை ராடு முனையில் ஒரு ரப்பர் உறை கிழிந்திருந்ததையும் பெரியவர் கண்டார். கிரீசைத் துடைத்து விரலிடையே தேய்த்துப் பார்த்தார், நறநறவென்றது. சயனைடு மேடுகள் எங்கள் ஊரைச் சூழ்ந்து நிற்கின்றன. தங்கம் பிரித்தெடுத்த பின் கொட்டிய கல்மாவு அது, காற்றடித்தால் தெருவெல்லாம் பறக்கும். குவார்ட்சுப் பொடி எஃகையும் தேய்க்கவல்லது. “உன் தாத்தா நெஞ்சுல இருக்கிறதும் இந்தக் கல்லோட தூசிதான்” என்றார் அவர். அந்த முனையையும் மாற்றி, நட்டுகளுக்குப் புதிய கோட்டர் பின் போட்டோம். பழைய பின்னை மீண்டும் செருகுவது சிக்கனம் ஆகாது.

அலைன்மெண்ட் பார்த்து முடித்த மறுநாள் காலை, தாத்தாவை முன் இருக்கையில் அமர்த்திக்கொண்டு கோலாருக்குப் புறப்பட்டோம். ஸ்டியரிங் ஒரு வளைவிலும் இடறவில்லை. மாமா மட்டும் பங்காரப்பேட்டை தாண்டும் வரை இரு கைகளாலும் அதை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார்.