சோவியத் ஆட்சியின் வீழ்ச்சி: புகழ் யாருக்கு உரியது?

1991-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25-ஆம் நாள் இரவு, மாஸ்கோ நகரத்துக் கிரெம்ளின் மாளிகைமீது நெடுங்காலம் பறந்த சோவியத் செங்கொடி இறக்கப்பட்டது. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ ஆறிலொரு பங்கை ஆண்டதும், பல்லாயிரம் அணுகுண்டுகளை உடையதுமாகிய ஒரு வல்லரசு, பகைவர் படை எதுவும் அதன் எல்லையைக் கடவாதிருக்கவே மறைந்தொழிந்தது. பகைவர் இடித்த கோட்டையாயின் இடித்தவர் யாவரென அறிதல் எளிது. இஃதோ காவலர் உள்ளிருக்கவே வீழ்ந்த கோட்டை. ஆகவே இவ்வீழ்ச்சிக்குரிய புகழ் யாரைச் சாரும் என்னும் வினா இன்னும் ஓய்ந்தபாடில்லை. வரலாறு பயிலும் மாணவர்க்கு இது நல்லதொரு பயிற்சியாதலின், ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

அமெரிக்கருட் பலர் இப்புகழைத் தம் ஜனாதிபதியாயிருந்த ரொனால்டு ரீகனுக்கே சூட்டுவர். அவர் 1983-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சோவியத் நாட்டைத் தீய பேரரசென இழித்துரைத்தார். அத்திங்களிலேயே, எதிரியின் ஏவுகணைகளை வானிலேயே தடுத்தழிக்கும் பெருந்திட்டமொன்றையும் அறிவித்தார். 1987 ஜூன் 12-இல் பெர்லின் சுவரருகே நின்று, அதனை இடித்தகற்றுமாறு சோவியத் தலைவர் மிகயீல் கோர்பச்சேவை அறைகூவினார். இப்போட்டிக்கு ஈடுகொடுக்கமாட்டாமலே சோவியத் நாடு முறிந்தது என்பது இவர்தம் கொள்கை. படைச்செலவு அந்நாட்டுக்குப் பெருஞ்சுமையாயிருந்தது மெய்யே. ஆயின் ரீகன் பதவியேற்பதற்குப் பல்லாண்டு முன்னரே அச்சுமை இருந்தது. ரீகனை யாம் புகழ்வதாயின், அவர் முழங்கியதற்காக அன்று, பின்னர்த் தணிந்ததற்காகவே புகழ்வோம். 1985-இல் ஜினீவாவிலும் 1986-இல் ரெய்க்ஜாவிக்கிலும் கோர்பச்சேவுடன் அமர்ந்து பேசினார். 1987 டிசம்பரில் ஏவுகணைகளில் ஒரு வகையையே அடியோடு ஒழிக்கும் உடன்படிக்கையிற் கையெழுத்திட்டார். 1988-இல் மாஸ்கோவுக்கே சென்று, தாம் முன்னர்ச் சொன்ன அக்கடுஞ்சொல் வேறொரு காலத்துக்கு உரியது என்றார். எதிரி தாக்கமாட்டான் என்னும் நம்பிக்கை இன்றேல், கோர்பச்சேவ் தம் படையைக் குறைக்கத் துணிந்திரார்.

வேறு சிலர் மனிதரை விடுத்து மண்ணெண்ணெய்க் கிணறுகளைக் காட்டுவர். 1986-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை பாதிக்கும் கீழாகச் சரிந்தது. எண்ணெய் விற்ற பணத்தால் அயல்நாட்டுத் தானியம் வாங்கிய சோவியத் அரசு திகைத்தது. அவ்வாண்டு ஏப்ரல் 26-இல் செர்னோபில் அணுவுலை வெடித்தது. ஆப்கானிஸ்தானத்துப் போரோ 1979 முதல் 1989 வரை நீண்டு, ஏறத்தாழ 15,000 சோவியத் வீரரை விழுங்கிற்று. இவையெல்லாம் நோயை விளக்குமேயன்றிச் சாவை விளக்கா. 1990-களிற் கொடும்பஞ்சத்தால் இலட்சக்கணக்கானோர் மாண்ட வடகொரியாவில் ஆட்சி அசையவில்லையே!

சோவியத் ஆதிக்கத்துக்குட்பட்ட கீழை ஐரோப்பிய ஆட்சிகளைத் தாங்கி நின்றது செல்வமன்று, அச்சமே. கிழக்கு ஜெர்மனியில் 1953-லும், ஹங்கேரியில் 1956-லும், செக்கோஸ்லோவாகியாவில் 1968-லும் உரிமை கேட்ட மக்கள்மீது சோவியத் டாங்கிகள் ஏவப்பட்டன. இதனை நன்கறிந்திருந்தும் முதலில் எழுந்தவர் போலந்து மக்கள். அந்நாட்டிற் பிறந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1979-இல் தாயகம் வந்தபோது, அவரைக் காணத் திரண்ட பெருங்கூட்டம் தன் தொகையைத் தானே கண்டு வியந்தது. அடுத்த ஆண்டு கிடான்ஸ்க் கப்பற்கூடத்து வேலைநிறுத்தத்திற் பிறந்த 'சாலிடாரிட்டி' என்னும் தொழிற்சங்கம், லெக் வலேசா என்னும் மின்தொழிலாளியின் தலைமையில் ஒரு கோடி உறுப்பினரளவு வளர்ந்தது. 1981 டிசம்பரில் இராணுவச் சட்டத்தால் அது நசுக்கப்பட்டும் மடியவில்லை. 1989 ஜூன் 4-இல் தொடங்கிய தேர்தலில், மேற்சபையின் 100 இடங்களில் 99 அதற்கே கிட்டின. அதே நாள் விடியற்காலையிற்றான் பீகிங் நகரத் தெருக்களிற் சீனப்படை தன் மக்களையே சுட்டு வீழ்த்தியது. சுட்டவிடத்து ஆட்சி நின்றது, சுடாதவிடத்து வீழ்ந்தது. எம் கருத்துக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டா.

லைப்சிக் நகரத்து நிகழ்ச்சியும் அத்தகையதே. அங்கே தூய நிக்கொலாஸ் ஆலயத்தில் 1982 முதல் திங்கட்கிழமைதோறும் சமாதானத்துக்கான செபம் நடந்து வந்தது. 1989 அக்டோபர் 9-ஆம் நாள், செபம் முடிந்து வெளிவந்தோருடன் ஏறத்தாழ 70,000 மக்கள் கலந்து, கையிற் கருவியின்றி நகர வீதியைச் சுற்றி நடந்தனர். ஆயுதந்தாங்கிய ஆயிரக்கணக்கான காவலர் ஆயத்தமாய் நின்றனர். பீகிங்கில் நடந்ததே இங்கும் நடக்குமென்று ஊரெங்கும் பேச்சு. இசைக்குழுத் தலைவர் கூர்ட் மாசூர் முதலிய அறுவர், அவருட் கட்சி அதிகாரிகளே மூவர், அமைதி காக்குமாறு விடுத்த வேண்டுகோள் ஒலிபெருக்கிகளில் முழங்கியது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. நாட்டினுள்ளிருந்த மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட சோவியத் துருப்புகளும் பாளையத்தைவிட்டு அசையவில்லை. சரியாக ஒரு திங்கள் கழித்து, நவம்பர் 9-இல், பெர்லின் சுவரின் வாயில்கள் திறந்தன.

அத்துருப்புகளை அசையாதிருக்கச் செய்தவர் கோர்பச்சேவ். 1988 டிசம்பர் 7-இல் ஐக்கிய நாட்டுச் சபையில் 5 இலட்சம் படைவீரரைக் குறைப்பதாகக் கூறி, எந்நாடும் தன் வழியைத் தானே தெரிந்துகொள்ளலாம் என்றார். மறு ஆண்டு அச்சொல்லை அவர் காத்தார். எனினும் அவர் கையிற் கறையே இல்லையென்பார் வரலாறு அறியாதார். 1990 ஜனவரியிற் பாக்கு நகரில் நூற்றுக்கு மேற்பட்டோரும், 1991 ஜனவரியில் வில்னியஸ் நகரிற் பதினால்வரும் சோவியத் படையால் மடிந்தனர். தம் பேரரசின் வெளிப்புறத்தை விட்டுக்கொடுத்தவர் உட்புறத்தை விடத் தயங்கினார் போலும்.

உட்புறம் வீழ்ந்த வரலாற்றில் வேறு பெயர்கள் முன்வரும். 1991 ஆகஸ்டு 19-இல் கோர்பச்சேவைச் சிறைவைத்து ஆட்சியைக் கைப்பற்ற முயன்றவரை, ரஷ்ய ஜனாதிபதி போரிஸ் எல்ட்சின் டாங்கிமீதேறி நின்று எதிர்த்தார். மூன்று இளைஞர் உயிர்நீத்தனர். ரஷ்யப் பாராளுமன்ற மாளிகையைத் தாக்குதற்கென வந்த தனிப்படையினர் தாக்க மறுத்தனர். அவருட் பெரும்பாலோர் பெயரை எவரும் அறியார். டிசம்பர் 1-இல் உக்ரைன் மக்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்ட வாக்குகளால் விடுதலையை வேண்டியபின், பிணைக்க எதுவும் எஞ்சவில்லை.

கோர்பச்சேவ் சமதர்ம ஆட்சியைச் சீர்திருத்திக் காக்கவே விரும்பினார். கருதாத பயனுக்குப் புகழ் எவ்வாறு பொருந்தும் என்று வினவலாம். தடை வலியதே. வீழ்ச்சியை விளைத்த புகழை யாம் அவருக்கு அளிக்கவில்லை. அது கிடான்ஸ்க்கிலும் லைப்சிக்கிலும் நடந்து சென்றோர்க்கு உரியது. தாம் விரும்பாதது தம் கண்முன் நிகழக் கண்டும், அதனைத் தடுக்கவல்ல படை கையிலிருந்தும், 1989-இல் அதனை ஏவாமையே அவர் புகழ். 1990-இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1996-இல் ரஷ்ய ஜனாதிபதித் தேர்தலில் அவர் தம் மக்களிடம் வாக்குக் கேட்டு நின்றபோது, நூற்றுக்கு ஒன்று வீதங்கூட அவருக்குக் கிடைக்கவில்லை.