சிறுதேரும் விண்கலமும்
(திரைப்பட மாதிரியுருக்களைச் சேர்த்தல் பற்றிய ஒரு பாடம்)



சென்ற ஆண்டு நம் வகுப்பில், மாணவர் ஒவ்வொருவரும் தமக்கு விருப்பமான பொருள் ஒன்றைக் கொண்டுவந்து அதனைப் பற்றி மூன்று நிமிடம் தமிழிற் பேசவேண்டும் எனப் பணித்திருந்தோம். பதினொரு வயது மாணவன் ஒருவன் கறுப்பு நிறக் கார் ஒன்றைத் துணியிற் சுற்றிப் பக்குவமாகக் கொண்டுவந்தான். 'மாட் மக்ஸ்' என்னும் திரைப்படத்தில் வரும் காரின் மாதிரி அது. அப்படத்தைப் பார்க்கும் வயது அவனுக்கு இன்னும் வரவில்லை. தந்தையாரின் அருகிலிருந்து அதன் உறுப்புகளை ஒட்டியவன் அவன்.

ஆங்கிலத்தில் என்றால் அவன் அரை மணிநேரம் பேசியிருப்பான். தமிழில், "இது கார். கறுப்புக் கார்" என்றான். பின்பு தலை குனிந்து நின்றான்.

அன்று வெட்கப்பட வேண்டியவர்கள் நாமே என்பது சிந்தித்தபோது புலனாயிற்று. மாம்பழத்திற்கும் மயிலுக்கும் நாம் அவனுக்குச் சொல் கொடுத்திருந்தோம். அவன் நெஞ்சில் நிறைந்திருந்த பொருளைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு சொல்லும் கொடுத்திருக்கவில்லை. அக்குறையைச் சிறிதேனும் நீக்கும் முயற்சியே இப்பாடம்.

மாதிரியுரு என்பது யாது?

விளையாட்டுப் பொம்மைக்கும் மாதிரியுருவுக்கும் வேறுபாடு உண்டு. பொம்மை ஒரு பொருளை நினைவூட்டினாற் போதும். மாதிரியுருவோ மூலப்பொருளின் எல்லா அளவுகளையும் ஒரே விகிதத்திற் குறைத்துக் காட்டவேண்டும். அந்த விகிதத்தையே அளவிடை என்கிறோம். தேசப்படத்தின் ஓரத்தில் நீங்கள் காணும் அளவிடை போன்றதே இதுவும்.

நம் மாணவனின் காருடைய அளவிடை 1/24. உண்மைக் காரின் நீளம் ஏறத்தாழ 4.8 மீற்றர். அதனை 24ஆல் வகுத்தால் 20 சதமமீற்றர் வரும். அகலமும் உயரமும் அவ்வாறே குறைகின்றன. ஆகவே, உண்மைக் கார் அடைக்கும் இடத்தில் இத்தகைய மாதிரிகள் 24 அல்ல. 24 x 24 x 24, அதாவது 13,824 அடங்கும்! நீளம் சிறிது குறையக் கனவளவு எவ்வளவு விரைவாகக் குறைகிறது என்பதைக் கரும்பலகையிற் காட்டுவதிலும் இக்காரைக் கையிற் கொடுத்துக் காட்டுவது எளிது.

அடி, அங்குலம் ஆகிய பழைய அளவைகளோடு இவ்வளவிடைகள் நெருங்கிய தொடர்புடையன. 1/24 என்றால் ஓர் அடிக்கு அரை அங்குலம். விமான மாதிரிகளுக்கு நெடுங்காலமாக வழங்கும் 1/72இல் ஓர் அங்குலம் ஆறு அடியைக் குறிக்கும். ஆறடி மனிதன் ஓர் அங்குல உயரத்தில் நிற்பான்.

திரைக்குப் பின்னால் இருந்த சிற்றுருவங்கள்

கணினியால் காட்சிகளை வரையும் முறை பரவுவதற்கு முன்னர், விஞ்ஞானப் புனைகதைப் படங்களில் வந்த விண்கலங்கள் பெரும்பாலும் கையாற் செய்யப்பட்ட மாதிரியுருக்களே. 1968இல் வெளியான '2001: எ ஸ்பேஸ் ஒடிசி' என்னும் படம் இதற்குச் சிறந்த சான்று. ஸ்ரான்லி குப்ரிக்குடன் இணைந்து அதன் திரைக்கதையை எழுதிய ஆதர் சி. கிளார்க், 1956 முதல் இலங்கையில் வாழ்ந்து 2008இல் கொழும்பிற் காலமானவர் என்பதை நம் பிள்ளைகள் அறிந்துகொள்வது நன்று. அப்படத்தில் வரும் 'டிஸ்கவரி' விண்கலத்தின் பெரிய மாதிரி 54 அடி நீளமுடையது. மாதிரி என்றால் சிறியதாகவே இருக்கவேண்டும் என்பதில்லை! படப்பிடிப்பின் பின்னர் அம்மாதிரிகளிற் பெரும்பாலானவை அழிக்கப்பட்டன. தப்பிய நிலவுக்கலம் ஒன்றை 2015இல் ஒஸ்கார் விருதுகளை வழங்கும் அமெரிக்கத் திரைப்படக் கழகம் 3,44,000 டொலர் கொடுத்து ஏலத்தில் வாங்கியது.

1977இல் ஜோர்ஜ் லூக்கஸ் இயக்கிய 'ஸ்ரார் வோர்ஸ்' வெளிவந்தது. அதன் விண்கலங்களைச் செய்த கலைஞர்கள் ஓர் உபாயத்தைக் கையாண்டனர். கடைகளில் விற்கும் போர்த்தாங்கி, விமானம், கப்பல் ஆகியவற்றின் 'மொடல் கிட்' பெட்டிகளை வாங்கி, அவற்றின் நுண்ணிய உறுப்புகளைக் கலங்களின் மேற்பரப்பில் ஒட்டினர். அதனாலேயே அக்கலங்கள் குழாய்களும் இயந்திரங்களும் நிறைந்து, பலகாலம் உழைத்துத் தேய்ந்தவை போலத் தோன்றின. கடைப் பெட்டியிலிருந்து திரைக்குச் சென்ற கலம், பின்னர் தானே ஒரு பெட்டியாகிக் கடைக்குத் திரும்பியது. இன்று தேர்ந்த சேகரிப்பாளர் சிலர், படத்திற் பயன்பட்ட உறுப்பு எந்தப் போர்த்தாங்கியின் எந்தத் துண்டு என்று தேடி ஆராய்கின்றனர். ஒரு சொல்லின் வேரைத் தேடும் புலவரின் ஊக்கத்துக்கு அது சற்றும் குறைந்ததன்று.

அப்படத்தின் பாத்திரங்களைச் சிற்றுருவங்களாக வெளியிட்ட கென்னர் நிறுவனத்தால் 1977ஆம் ஆண்டு நத்தாருக்குள் அவற்றைச் செய்து முடிக்க இயலவில்லை. எனவே பொம்மையில்லாத அட்டை உறையொன்றை உறுதிச்சீட்டுடன் விற்றது. உருவங்கள் 1978இல் அஞ்சலிற் சென்றடைந்தன. அவற்றிற் பெரும்பாலானவை மூன்றே முக்கால் அங்குல உயரம் உடையவை. அதாவது ஏறத்தாழ 1/18 அளவிடை. உருவங்கள் சிறியனவாக இருந்ததால், அவை ஏறி அமரும் விண்கலங்களையும் வீட்டில் அடங்கும் அளவிற் செய்ய முடிந்தது. அவுஸ்திரேலியாவில் ரொல்ரோய்ஸ் என்னும் நிறுவனம் அவற்றை விற்பனை செய்தது.

நாம் வாழும் நாட்டில்

'மாட் மக்ஸ்' படத்தை இயக்கிய ஜோர்ஜ் மில்லர் முன்னர் மருத்துவராகப் பணியாற்றியவர். மெல்பேணிலும் அதன் சுற்றுப்புறங்களிலும் எடுக்கப்பட்டு 1979இல் வெளிவந்த அப்படத்தின் கறுப்புக் கார், இந்நாட்டிலே உற்பத்தியான 1973ஆம் ஆண்டு போர்ட் பல்கன் வகையைச் சேர்ந்தது. போர்ட் நிறுவனம் 2016 ஒக்ரோபரில் அவுஸ்திரேலியாவிற் கார் உற்பத்தியை நிறுத்திவிட்டது. செய்த தொழிற்சாலை ஓய்ந்துவிட்டது. யப்பானின் அயோஷிமா நிறுவனம் 1/24 அளவிடையில் வெளியிட்ட மாதிரியோ மாணவன் ஒருவனின் மேசையில் நிற்கிறது. 1981இல் வெளியான இரண்டாம் பாகம் புரோக்கன் ஹில் நகரை அடுத்த சில்வேர்ட்டன் பகுதியில் எடுக்கப்பட்டது. அதன்மேற் கொண்ட பற்றினால் இங்கிலாந்திலிருந்து வந்து அவ்வூரிற் குடியேறிய இரசிகர் ஒருவர், தாம் சேர்த்தவற்றைக் கொண்டு 2010இல் அங்கே ஓர் அரும்பொருட்கூடமே அமைத்தார்.

சிட்னிக்கும் இத்துறையில் இடம் உண்டு. 'மட்ரிக்ஸ்' (1999) படமும், 'ஸ்ரார் வோர்ஸ்' வரிசையில் 2002, 2005ஆம் ஆண்டுகளில் வந்த படங்களும் பெருமளவு சிட்னியிற் படமாக்கப்பட்டவை.

எனினும், சிட்னியில் உருவான மாதிரியுருக்களுள் நம் உள்ளத்தைப் பெரிதும் கவர்ந்தது திரைப்படத்தோடு தொடர்பற்ற ஒன்று. ஐரோப்பாவின் ஸ்திராஸ்பேர்க் நகரத் தேவாலயத்தில் புகழ்பெற்ற வானியல் மணிக்கூடு ஒன்று உண்டு. சிட்னியில் வாழ்ந்த ரிச்சர்ட் ஸ்மித் என்னும் இளம் மணிக்கூட்டுத் தொழிலாளர், 1887 முதல் 1889 வரை உழைத்து அதன் இயங்கும் மாதிரி ஒன்றைச் செய்து முடித்தார். அது பின்னர் பவர்ஹவுஸ் அரும்பொருட்கூடத்தின் உடைமையாயிற்று. வியப்பு யாதெனில், அவர் மூல மணிக்கூட்டைக் கண்ணாற் கண்டதேயில்லை. சிறு நூலொன்றிற் கிடைத்த விவரணத்தைத் துணையாகக் கொண்டே அதனைச் செய்தார். காணாத ஒன்றையும், கேட்டும் படித்தும் உருவாக்க முடியும் என்பதற்கு இது சான்று. இதனை நினைவில் வைத்திருங்கள், பின்னர் பயன்படும்.

தமிழர் மரபில்

"இவையெல்லாம் வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு" என்று பெற்றோர் சிலர் கூறக் கேட்டிருக்கிறோம். அவ்வாறன்று. பத்துப்பாட்டில் ஒன்றாகிய பெரும்பாணாற்றுப்படையில், தச்சர் செய்த சிறுதேரை உருட்டி விளையாடும் பிள்ளைகள் வருகின்றனர். ஏறிச் செல்வதற்கு உதவாத தேர் அது. மாதிரியுருவுக்கு இதனினும் பொருத்தமான இலக்கணம் வேறில்லை. பட்டினப்பாலையிலும் மூன்று சக்கரச் சிறுதேர் ஒன்று வருகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழின் பத்தாம் பருவத்துக்குச் சிறுதேர் என்றே பெயர். நம் ஊரில் நுங்குக் கோம்பையிற் குச்சியைக் கோத்து வண்டில் உருட்டியவர்கள் இம்மண்டபத்திலேயே பலர் இருப்பர்.

நவராத்திரிக் கொலுவையும் எண்ணிப் பாருங்கள். கொலு வைக்கும் வீடுகளில் ஆண்டுதோறும் ஒரு புதிய பொம்மையேனும் சேர்க்கப்படும். விழா முடிந்ததும் ஒவ்வொன்றும் துணியிற் சுற்றிப் பெட்டியில் வைக்கப்படும். மறு ஆண்டு படிகளில் முறைப்படி அடுக்கப்படும். வந்தவர்களுக்கு ஒவ்வொன்றின் கதையும் விளக்கப்படும். சேர்த்தல், காத்தல், அடுக்குதல், விளக்குதல் என்னும் இந்நான்கு தொழில்களுமே ஒரு சேகரிப்பை நிறைவு செய்கின்றன. நம் பிள்ளைகள் முதல் மூன்றையும் தாமாகவே செய்கின்றனர். நான்காவதைத் தமிழிற் செய்யவைப்பதே நம் கடமை.

பெற்றோர்க்குச் சில வார்த்தைகள்

நம்மிற் பலர் ஒரு கைப்பெட்டியோடு இந்நாட்டுக்கு வந்தவர்கள். வீட்டையும் நூல்களையும் நிழற்படங்களையும் விட்டுவந்த நமக்கு, ஒரு பிள்ளை நாற்பது பிளாஸ்ரிக் உருவங்களை வரிசையாக அடுக்கித் தூசி துடைப்பதைக் காணும்போது சினம் எழுவது இயல்பே. ஆயினும், பொருள்கள் நிலையாதவை என்று கண்ட நாமே, ஒரு பொருளைப் பேணத் தெரிந்தவனின் அருமையையும் அறிந்திருக்கவேண்டும்.

செலவுக்கு வரம்பு வேண்டும் என்பதில் ஐயமில்லை. வாங்குவது மட்டும் சேகரிப்பாகாது. பிறந்தநாளுக்கு ஒன்று என வரையறுத்து, அதையும் பிள்ளையே ஒட்டி வர்ணம் பூசச் செய்வது நன்று. பசையும் வர்ணமும் பயன்படுத்தும்போது யன்னல்களைத் திறந்து வைத்தலும், கூரிய கத்தியைப் பெரியவர் முன்னிலையில் மட்டும் கையாளுதலும் அவசியம். பிளாஸ்ரிக் வெயிலில் மஞ்சளாகும், வர்ணமும் மங்கும். இந்நாட்டில் சூரியன் வடக்குப் பக்கமாகச் செல்வதால், வடக்கு நோக்கிய யன்னலருகே தட்டை வைத்தல் ஆகாது.

அப்பம்மாவின் வீடு

தலை குனிந்த அம்மாணவனிடம் திரும்புவோம். அளவிடை முதலிய சொற்களை அவனுக்குக் கற்பித்தபின், வீட்டிற் போய்க் காரைப் பற்றி அப்பம்மாவுக்குத் தமிழில் விளக்கும்படி கூறினோம். அவன் விளக்கினான். முழுவதையும் கேட்ட அப்பம்மா, "இப்படி எங்கட வீட்டையும் செய்யலாமோ, தம்பி?" என்று கேட்டாராம்.

அவர் கேட்ட வீடு, 1990இல் இடம்பெயர்ந்தபோது வலிகாமம் வடக்கில் விட்டுவந்த நாற்சார் வீடு. இன்று அது இல்லை; அதன் படமும் இல்லை. பேரன் அளவுநாடாவைக் கையிற் கொடுக்க, அப்பம்மா தம் வீட்டு வரவேற்பறையில் நடந்து காட்டினார்: திண்ணை இவ்வளவு அகலம்; முற்றம் இவ்வளவு; குசினியிலிருந்து கிணற்றடிக்கு முப்பது அடி. அவன் ஒவ்வொன்றையும் தமிழிற் கேட்டு எழுதி, ஓர் அடிக்கு அரை அங்குலமாகக் கணக்கிட்டு, அட்டையில் வெட்டினான். கிணறு குசினிக்குப் பதினைந்து அங்குலத் தொலைவில் அமைந்தது.

தவணையின் இறுதி வகுப்பில் அவ்வீட்டைக் கொண்டுவந்து, மூன்று நிமிடம் அன்று, பதினைந்து நிமிடம் பேசினான். வாசலில் கறுப்புக் கார் நின்றது. ஏன் என்று வினவினோம். "இரண்டுக்கும் ஒரே அளவிடை, ஐயா. அப்பம்மா போவதென்றால் கார் வேண்டுமே" என்றான்.

காணாத மணிக்கூட்டைச் சிட்னியில் ஒருவர் செய்தார். காணாத வீட்டை நம் மாணவன் செய்தான். அவ்வீட்டின் அளவுகள் அப்பம்மாவின் நினைவிலும், அந்நினைவு தமிழிலும் இருந்தன. மொழி அறியாதிருப்பின் அவ்வீடு அவனுக்குக் கிடைத்திராது. உங்கள் தட்டிலுள்ள விண்கலங்களைப் பற்றித் தமிழிற் பேசப் பழகுங்கள். நாளை அதே சொற்களால் நீங்கள் வேறு பலவற்றையும் கேட்டறியலாம். அம்முயற்சி சிறக்க வாழ்த்துகிறோம்.

அருஞ்சொற்பொருள்

அளவிடை – மூலப்பொருளுக்கும் மாதிரிக்கும் உள்ள அளவு விகிதம்
மாதிரியுரு – ஒரே விகிதத்திற் குறைத்தோ பெருக்கியோ செய்த உருவம்
கனவளவு – ஒரு பொருள் அடைக்கும் இடத்தின் அளவு
கோம்பை – நுங்கு எடுத்தபின் எஞ்சும் பனங்காயின் கூடு
நாற்சார் வீடு – நடுவில் முற்றமும் நான்கு பக்கமும் கட்டடமும் உள்ள வீடு

பயிற்சி

1. 12 மீற்றர் நீளமுள்ள பேருந்தின் மாதிரி 1/24 அளவிடையில் எத்தனை சதமமீற்றர் நீளமாக இருக்கும்?
2. 1/72 அளவிடையில் உங்கள் உயரம் எவ்வளவு?
3. உங்களிடமுள்ள ஒரு மாதிரியுருவைப் பற்றிப் பத்து வாக்கியங்கள் எழுதி, வீட்டிலுள்ள பெரியவர் ஒருவருக்கு வாசித்துக் காட்டுக.
4. அவர் சிறுவயதில் வாழ்ந்த வீட்டின் அளவுகளைக் கேட்டு எழுதி, அளவிடைப்படம் வரைக.