எடுத்து வளர்த்த பிள்ளையும் சட்டமும்

மண்டைக்காட்டில் பகவதி அம்மன் கோயிலும் புதூர் மீனவர் குடியிருப்பும் கூப்பிடு தொலைவில் உள்ளன. பிள்ளையில்லாத ஓர் இந்துக் குடும்பமும் ஒரு கிறிஸ்தவக் குடும்பமும் இங்கிருந்து சென்று, ஒரே இல்லத்தினின்றும் ஆளுக்கொரு குழந்தையை எடுத்து வந்ததாக வைத்துக்கொள்வோம். ஊரார்க்கு இரண்டும் பிள்ளைகளே. ஆயின் சட்டம் நெடுங்காலம் அவ்வாறு கருதவில்லை.

1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டம் முதற் குழந்தையை மகனாகவே ஆக்கிற்று; சொத்துரிமையும் உண்டு. இரண்டாம் குழந்தைக்குக் கிடைத்ததோ 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். மாவட்ட நீதிமன்றம் வளர்த்தவரைக் காப்பாளர் என நியமிக்கும். குழந்தையின் நலனே முதன்மை என்று பார்க்கவும் செய்யும். எனினும் பிள்ளை வயதுக்கு வந்ததும் அவ்வுறவு சட்டத்தின் கண்ணில் முடிந்துவிடும். உயில் இல்லையேல் சொத்தும் இல்லை. பால் கொடுத்து வளர்த்தவளைத் தாய் என்னாமல் காப்பாளர் என்பது என்ன நியாயமோ!

வெளிநாட்டார் நம் குழந்தைகளைக் கொண்டுசெல்வதில் நடந்த முறைகேடுகள் பற்றி வழக்கறிஞர் லட்சுமி காந்த் பாண்டே எழுதிய கடிதத்தையே உச்சநீதிமன்றம் வழக்காக ஏற்றது. 1984-இல் நீதிபதி பகவதி அளித்த தீர்ப்பு, பெற்றோராக வருவோரின் வீட்டை முன்னரே ஆராயவும், பின்னரும் குழந்தையின் நிலை குறித்து அறிக்கை பெறவும் வழிவகுத்தது. கண்காணிப்பு என்னும் கருத்து இவ்வாறே வேரூன்றியது. இன்றைய விதிகளின்படி தத்தளித்தபின் ஈராண்டுக் காலம், ஆறு மாதத்திற்கு ஒருமுறை குழந்தையைப் பார்த்து அறிக்கை தரவேண்டும்.

2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை குளச்சல், கொட்டில்பாடு கரைகளைச் சூறையாடியபோது, பெற்றோரை இழந்த பிள்ளைகளின் கேள்வி நம் வாசலுக்கே வந்தது. 2006-இல் சிறார் நீதிச் சட்டம் திருத்தப்பட்டு, எம்மதத்தாரும் தத்தெடுக்கலாம் என்ற வழி தெளிவாயிற்று. 2014-இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்சநீதிமன்றம் அதனை உறுதிசெய்தது. விரும்புவோர் இச்சட்டத்தின் வழிச் செல்லலாம். தம் மதவழக்கைப் பின்பற்றுவோரை அது கட்டாயப்படுத்தாது. தத்தெடுப்பதை அடிப்படை உரிமை என அறிவிக்க மட்டும் நீதிமன்றம் இசையவில்லை. அன்று புதூர்த் தாய்க்கு மறுக்கப்பட்ட பெயர் இவ்வாறு கிடைத்தது.

இச்சட்டத்தின்கீழ்த் தத்தெடுப்பு ஆணையை 2022 செப்டம்பர் முதல் நீதிமன்றம் அன்றி மாவட்ட ஆட்சியரே பிறப்பிக்கிறார். தாமதம் குறையும் என்கின்றனர், குறையலாம். ஆனால் புயலும் தேர்தலும் ஒருங்கே சுமக்கும் ஒரு மேசையில், ஒரு குழந்தையின் கோப்பு எத்தனை நிமிடம் திறந்திருக்கும்? நீதிபதியின் முன் தாயும் குழந்தையும் நேரில் நின்ற அந்தச் சிறுபொழுதை நாகர்கோவில் ஆட்சியர் அலுவலகமும் ஒதுக்குமாயின், என் ஐயம் தீரும்.