அனுப்புநர் யார்?

நுழையும்முன்

மடலின் பொருளை அறியும் முன்னர், அதை விடுத்தவரை அறிதல் வேண்டும். கடிதத்தில் 'அனுப்புநர்' பகுதி முதலில் அமைவது இதனாலேயே. மின்னஞ்சலுக்கும் இது பொருந்தும்.

பெயரும் களப்பெயரும்

மின்னஞ்சலில் அனுப்புநரின் பெயரும் முகவரியும் தோன்றும். பெயரை எவரும் விரும்பியவாறு இட்டுக்கொள்ளலாம். முகவரியில் '@' குறிக்குப் பின்வரும் களப்பெயரே நிறுவனத்தைச் சுட்டும். இக்குறியை மின்னஞ்சலில் 1971இல் புகுத்தியவர் ரே டாம்லின்சன்.

1937இல் தாம்பரத்திற்கு இடம்பெயர்ந்த சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் களப்பெயர் 'எம்சிசி.எடு.இன்' என்பதாகும். 'எடு.இன்', 'ஏசி.இன்' ஆகியன கல்வி நிறுவனங்களுக்கும், 'கவ்.இன்' அரசுக்கும் உரியவை. வங்கிகள் 2025 அக்டோபர் 31க்குள் 'பேங்க்.இன்' களப்பெயருக்கு மாற வேண்டுமென ரிசர்வ் வங்கி பணித்தது.

நிறுவனம் தன் அனுப்புநர் பெயரை, அலுவலர் பெயராக அன்றி, 'சேர்க்கைப் பிரிவு' என்பதுபோல் பணியின் பெயராக அமைத்தல் நன்று. அலுவலர் மாறினும் தொடர்பு அறாது.

மூன்று காவல்கள்

களப்பெயரையும் போலியாக எழுத இயலும். அதைத் தடுப்பவை மூன்று. அஞ்சல் விடுக்க உரிமையுள்ள வழங்கிகளை எஸ்பிஎஃப் பட்டியலிடும். அஞ்சல் இடையில் மாற்றப்படவில்லை என்பதை டிகேஐஎம் கையொப்பம் உறுதிசெய்யும். இவற்றில் தேறாத அஞ்சலை ஏற்பதா, ஒதுக்குவதா, மறுப்பதா என்பதை டிமார்க் அறிவிக்கும்.

கல்லூரியின் பெயரால் கட்டணம் கோரும் அஞ்சல், பல்லாவரத்து மாணவருக்கும் வரலாம். வண்டலூர் மாணவருக்கும் வரலாம். பெயரைக் கண்டு நம்பாது, களப்பெயரை எழுத்தெழுத்தாய் நோக்குக. ஐயமெனில், கல்லூரியை நேரில் வினவுக. ஓர் எழுத்து மாறினும் முகவரி பிறருடையதே.