வேண்டா அஞ்சலும் அலுவலக முகவரியும்

தபால் வழியே விளம்பரம் அனுப்பும் வணிகர் ஒவ்வோர் உறைக்கும் தபால்தலை ஒட்டியாக வேண்டும். ஆகவே, எவருக்கு அனுப்பினால் பயன் உண்டு என்று அவர் ஆராய்கிறார். மின்னஞ்சலில் இத்தகைய கட்டுப்பாடு இல்லை. ஒருவருக்கு அனுப்பும் செலவுக்கும் ஒரு லட்சம் பேருக்கு அனுப்பும் செலவுக்கும் வேறுபாடு மிகக் குறைவு. படிப்பதும், பிரிப்பதும், அழிப்பதும் பெறுவோர் தலையில் விழுகின்றன. ஒருவர் அடையும் ஆதாயத்தின் செலவைப் பிறர் ஏற்கும் இந்நிலையைப் பொருளாதார நூல்கள் புறவிளைவு என்கின்றன. ஆலைப் புகையைப் போன்றதே வேண்டா அஞ்சலும்.

இதன் வரலாறு 1978-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் தொடங்குகிறது. அன்று ஓர் அமெரிக்கக் கணிப்பொறி நிறுவனத்தின் விற்பனை அலுவலர், அர்ப்பாநெட் வலையமைப்பில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார்.

முகவரி திரட்டப்படும் விதம்

வலைத்தளங்களைத் தாமே சுற்றிவந்து படிக்கும் கணிப்பொறி நிரல்கள் உள்ளன. மின்னஞ்சல் முகவரிக்கே உரிய '@' குறியைக் கண்டதும் அதன் இருபுறமும் உள்ள எழுத்துகளை அவை சேகரிக்கின்றன. வழக்கமான பெயர்களை ஊகித்து அனுப்பிப் பார்ப்பது மற்றொரு முறை. பட்டியல்களை விலைக்கு வாங்குவது மூன்றாவது முறை. அரசுத் தளங்கள் பலவற்றில் அக்குறிக்குப் பதிலாக 'அட்' என்றும், புள்ளிக்குப் பதிலாக 'டாட்' என்றும் அடைப்புக்குறிக்குள் அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் இதுவே. இது எளிய தடையே. மாற்றி எழுதியதையும் புரிந்துகொள்ளும் நிரல்கள் இன்று உண்டு. முகவரியைப் படமாக வெளியிட்டாலோ, திரையைப் படித்துக் காட்டும் கருவியைப் பயன்படுத்தும் பார்வையற்றோருக்கு அது எட்டாது.

சட்டங்களின் இடையே ஒரு சிக்கல்

2005-ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 4-ஆவது பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் அலுவலர் பட்டியலையும் பொதுத் தகவல் அலுவலர்களின் விவரங்களையும் தானாகவே வெளியிட வேண்டும் எனப் பணிக்கிறது. குடிமக்கள் அரசை அணுகுவதற்கு இது இன்றியமையாதது. 2023-ஆம் ஆண்டு எண்முறைத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, சட்டக் கடமையின்படி பொதுவில் வெளியிடப்பட்ட தரவுக்குப் பொருந்தாது என அதன் 3-ஆவது பிரிவு கூறுகிறது. எனவே, பொதுமக்களுக்காக வெளியிடப்பட்ட முகவரிக்கு அச்சட்டத்தின் காப்பு கிடைப்பதில்லை.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஏ பிரிவு, தொல்லை தரும் அல்லது அனுப்புநரை மறைத்து ஏமாற்றும் மின்னஞ்சலையும் குற்றமாக்கியிருந்தது. பேச்சுரிமைக்கு முரணானது என்று உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24-இல் அப்பிரிவை முழுமையாக நீக்கியது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள் தொலைபேசி அழைப்புகளையும் குறுஞ்செய்திகளையும் பற்றியவை; மின்னஞ்சல் அவற்றுள் அடங்காது.

தில்லி உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு

வேண்டா அஞ்சல் வெறும் தொல்லையோடு நிற்பதில்லை. மென்பொருள் நிறுவனங்களின் சங்கமான நாஸ்காமின் பெயரில் மின்னஞ்சல் அனுப்பி, வேலைக்கு ஆள் தேடுவதற்காகப் பிறருடைய சொந்த விவரங்களைத் திரட்டியதாக ஒரு வழக்கு தில்லி உயர் நீதிமன்றத்தின் முன் வந்தது. இதற்கெனத் தனிச் சட்டம் இல்லாதபோதிலும், பிறர் பெயரில் நடித்து விவரம் கவர்வது சட்டவிரோதமே என 2005 மார்ச்சில் நீதிமன்றம் அறிவித்தது. எதிர்த்தரப்பினர் 16 லட்சம் ரூபாய் இழப்பீடு தர உடன்பட்டனர்.

கைக்கொள்ள வேண்டியவை

முதலாவதாக, பொதுவில் வெளியிடும் முகவரி பதவியின் பெயரால் அமைதல் நன்று. 2015-ஆம் ஆண்டு மத்திய அரசின் மின்னஞ்சல் கொள்கை, பதவியின் பெயரில் ஒன்றும் சொந்தப் பெயரில் ஒன்றுமாக இரு முகவரிகளுக்கு வழி செய்தது. அலுவலர் மாற்றலாகிச் சென்றாலும் பதவி முகவரி மக்களுக்குப் பயன்படும். சொந்த முகவரி மறைவில் இருக்கும்.

இரண்டாவதாக, அலுவலக முகவரியைக் கடைகளிலும் வணிகத் தளங்களிலும் கொடுக்கலாகாது. மாணவர்கள் அவற்றிற்கெனத் தனி முகவரி வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதாக, பலருக்கு ஒருங்கே எழுதும்போது முகவரிகளை மறைநகல் பகுதியில் இட வேண்டும். நான்காவதாக, அறியாதோர் அஞ்சலுக்கு மறுமொழி அனுப்புவதும், அதிலுள்ள விலகல் இணைப்பை அழுத்துவதும், முகவரி உயிரோடு இருப்பதை அவர்களுக்கு உறுதிசெய்துவிடும்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. வடிகட்டும் நிரல் தவறுவதுண்டு. ஓய்வூதிய நிலுவை பற்றி ஒரு முதியவர் எழுதிய மனுவும் குப்பைப் பகுதியில் விழலாம்; பதில் வராத அவருக்கு அதன் காரணம் ஒருநாளும் தெரியாது. ஆகவே, அப்பகுதியை நாள்தோறும் ஒருமுறை பார்த்தல் அலுவலரின் கடமையாகும். முகவரியை மறைத்துவிடுவது எளிது. மக்களுக்குத் திறந்தும் வஞ்சகருக்கு அடைத்தும் வைப்பதே நிருவாகத் திறன்.