நேவி என்றால் எந்த நேவி?

திருப்பூரில் ஒரு பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். மெயில், பி.ஓ. (பர்ச்சேஸ் ஆர்டர்), சாயப்பட்டறை சலான் எல்லாவற்றிலும் தேடிப் பதில் சொல்லும் ஏஐ உதவியாளர் ஒன்றை எங்கள் அலுவலகத்தில் கொடுத்திருக்கிறார்கள். வந்த புதிதில், பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்பதுபோலவே கேட்டேன்: “அந்த நேவி போலோ துணி டையிங்கிலிருந்து எப்ப வருது?” தேதியோடு பதில் வந்தது. அப்படியே பையருக்கு எழுதிவிட்டேன். அது போன சீசன் ஆர்டரின் தேதி.

பக்கத்து சீட்டுக்காரருக்கு நான் காலையிலிருந்து எந்த ஆர்டரோடு மல்லுக்கட்டுகிறேன் என்று தெரியும். இந்த உதவியாளருக்கு நாம் தட்டியதுதான் தெரியும். நேவியில்தான் எத்தனை நேவி! பான்டோன் நிற அட்டையில் 19-3923 ஒரு நேவி, 19-4013 இன்னொரு நேவி. அந்த எண்ணில் முதல் இரண்டு இலக்கம் நிறம் எவ்வளவு வெளிர், எவ்வளவு அடர் என்பதைச் சொல்லும். நடு இரண்டு எந்தச் சாயல் என்பதை. கடைசி இரண்டு செறிவை. பின்னால் டி.சி.எக்ஸ். என்றிருந்தால் பருத்தித் துணியில் ஏற்றிய மாதிரி. சாயப்பட்டறையில் பேசும்போது இதை மறக்கவே மாட்டோம். கணினியிடம் மட்டும் ஏன் ‘நேவி’ என்று விட்டுவிடுகிறோம்?

ஸ்டைல் நம்பரை மட்டும் கொடுத்தாலும் போதாது. ரிப்பீட் ஆர்டரில் ஸ்டைல் அதேதான், பி.ஓ. நம்பர்தான் மாறும். இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறேன். வெறும் ‘4512’ என்றும் எழுதுவதில்லை. அது சாய லாட் எண்ணாகவும் இருக்கலாம், சலான் எண்ணாகவும் இருக்கலாம். இன்வாய்ஸ் என்றால் நிதியாண்டும் வேண்டும். ஜி.எஸ்.டி. விதிப்படி இன்வாய்ஸ் எண் 16 எழுத்துக்கு மிகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது. இந்த ஆண்டு வந்த 147 அடுத்த ஏப்ரலில் மறுபடி வரத் தடையில்லை.

எண்ணைக் கையால் அடிக்காமல் மூலத் தாளிலிருந்து காப்பி செய்கிறேன். ஆங்கில ஓவும் சுழியமும் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும். இந்த ஏஐ மென்பொருள்கள் நீண்ட எண்ணைத் துண்டு துண்டாகத்தான் படிக்கும். ஒரே மாதிரி எண்கள் பக்கத்தில் இருந்தால் ஒன்றை மற்றொன்றாக எடுத்துவிடவும் கூடும். அதனால் கேள்வியோடு இரண்டு வரி சேர்க்கிறேன்: “பதிலில் பி.ஓ. நம்பர், கிலோ, எந்தத் தாளில் பார்த்தாய் என்பதை எழுது. அந்த எண் இல்லையென்றால் இல்லை என்று சொல், வேறு எண்ணை எடுக்காதே.” கிலோ கணக்கு பொருந்தினால்தான் தேதியை நம்புவேன்.

போன வாரம் ஒரு லாட் நம்பரைப் போட்டுக் கேட்டேன். அப்படியொரு லாட் இந்த பி.ஓ.வில் இல்லை என்றது. சாயப்பட்டறைக்குப் போன் போட்டேன். சலானில் ஓர் இலக்கம் மாறி எழுதியிருந்தார்கள். கட்டிங் டேபிளில் துணியை விரிப்பதற்குள் சலான் திருந்தி வந்துவிட்டது.