இரண்டு வரைகலைச் செயலிகளுள் விளையாட்டு எதில் ஓடுகிறது?

விளையாட்டுக்கென விற்கப்படும் மடிக்கணினிகளுள் பெரும்பாலானவற்றில் படம் வரையும் செயலிகள் இரண்டு இருக்கின்றன. மையச் செயலியோடு ஒட்டியே அமைந்து, கணினியின் பொது நினைவகத்தில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டு இயங்கும் இன்டெல் யுஹெச்டி, ஐரிஸ் எக்ஸ்இ போன்றவை உள்ளிணைந்த வரைகலை எனப்படும். தனக்கென்று நினைவகமும் மின்வழியும் கொண்ட என்விடியா ஜீஃபோர்ஸ் போன்றவை தனி வரைகலை எனப்படும். வழக்கில் கிராபிக்ஸ் கார்டு என்று சொல்லப்படுவது இதுவே. கூடுதல் விலை இரண்டாவதற்காகவே கொடுக்கப்படுகிறது. ஆயினும் விளையாட்டு முதலாவதில் ஓடித் திக்கித் திணறுவதும், வாங்கியவர் கணினியே பழுது என்று எண்ணிக் கலங்குவதும் அடிக்கடி நிகழ்கின்றன.

இக்குழப்பத்தின் வேர் மின்கலச் சேமிப்பில் இருக்கிறது. 2010இல் என்விடியா அறிமுகப்படுத்திய ஆப்டிமஸ் என்னும் ஏற்பாட்டில், திரை எப்போதும் உள்ளிணைந்த செயலியோடுதான் இணைக்கப்பட்டிருக்கும். கனமான வேலை வரும்போது மட்டும் தனிச்செயலி விழித்துப் படத்தை வரைந்து, அதை உள்ளிணைந்த செயலியின் நினைவகத்துக்கு அனுப்ப, அங்கிருந்து அது திரைக்குப் போகும். எது கனமான வேலை என்பதை இயக்கு மென்பொருள், அதாவது டிரைவர், தன்னிடமுள்ள நிரல் பட்டியலைப் பார்த்து முடிவு செய்கிறது. பட்டியலில் இல்லாத சிறு நிறுவனத்தின் விளையாட்டோ பழைய விளையாட்டோ வரும்போது அது தவறிப்போக இடமுண்டு. தனிச்செயலியே வேண்டும் என்று நிரலாளர் தம் நிரலுக்குள் ஓர் அடையாளத்தைப் பதித்துவைக்கலாம். அதைச் செய்யாமல், செயலிகளின் வரிசையில் முதலில் நிற்பதை எடுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்ட விளையாட்டுகளில்தான் இச்சிக்கல் மிகுதி.

ஆகவே எதையும் மாற்றுவதற்கு முன் எந்தச் செயலி உழைக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்வது இன்றியமையாதது. விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ் பகுதிக்குச் சென்றால் ஜிபியு 0, ஜிபியு 1 என்று இரண்டு வரைபடங்கள் தெரியும். எது எந்தச் செயலி என்பது அருகிலேயே எழுதப்பட்டிருக்கும். இங்கே பலர் வழுக்கி விழுகின்றனர். மேலே சொன்னபடி படம் திரைக்குச் செல்லும் வழி உள்ளிணைந்த செயலி என்பதால், விளையாட்டு தனிச்செயலியில் சரியாக ஓடும்போதும் மற்றதன் வரைபடத்தில் ஓரளவு அசைவு இருக்கும். அதைக் கண்டு பதற வேண்டியதில்லை. ப்ராசஸஸ் பகுதியில் தலைப்பு வரிசையின்மேல் வலப்பொத்தானை அழுத்தி, ஜிபியு எஞ்சின் என்ற பத்தியைச் சேர்த்துவிட்டால், ஒவ்வொரு நிரலின் எதிரிலும் அது பயன்படுத்தும் செயலியின் எண் தெரிந்துவிடும். இதைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

விளையாட்டு தவறான செயலியில் ஓடுவது உறுதியானால், செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராபிக்ஸ் என்ற வரிசையில் சென்று, அந்த விளையாட்டின் நிரல்கோப்பைச் சேர்த்து, ஹை பெர்ஃபார்மன்ஸ் என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2018ஆம் ஆண்டின் விண்டோஸ் 10 புதுப்பிப்பில் வந்த இந்த வசதியில் ஒரு நிரலுக்குத் தெரிவு குறிக்கப்பட்டிருந்தால், என்விடியாவின் கட்டுப்பாட்டுப் பலகையில் செய்த தெரிவை அது மீறிவிடும் என்பதால், இங்கிருந்தே தொடங்குவது நல்லது. தெரிவு நடைமுறைக்கு வர விளையாட்டை முழுதாக மூடித் திறக்க வேண்டும்.

எந்தக் கோப்பைச் சேர்ப்பது என்பதில்தான் முயற்சிகள் பெரும்பாலும் தோற்கின்றன. முகப்புத் திரையில் சொடுக்கப்படுவது பல வேளைகளில் லாஞ்சர் எனப்படும் தொடக்க நிரல் மட்டுமே. படம் வரைவது அது அழைக்கும் வேறொரு கோப்பு. மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பு இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. அதில் உண்மையில் ஓடுவது ஜாவாடபிள்யூ என்னும் ஜாவாவின் நிரல்கோப்பு. லாஞ்சருக்கு எத்தனை முறை ஹை பெர்ஃபார்மன்ஸ் குறித்தாலும் பயனில்லை. மேலும் 1.16 வரையிலான பதிப்புகள் ஜாவா 8ஐயும், 1.18 ஜாவா 17ஐயும் பயன்படுத்துவதால், ஒரே பெயரில் வெவ்வேறு கோப்புறைகளில் கோப்புகள் இருக்கின்றன. நேற்றுவரை நன்றாக ஓடிய விளையாட்டு பதிப்பு மாறியதும் திணறத் தொடங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். விளையாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் அதன்மேல் வலப்பொத்தானை அழுத்தி, கோப்பு இருக்குமிடத்தைத் திறக்கச் செய்து, அதே கோப்பைச் சேர்ப்பதே பிழையற்ற வழி. பின்னர் விளையாட்டுக்குள் எஃப்3 விசையை அழுத்தினால் திரையின் வலப்பக்கத்தில் செயலியின் பெயர் தெரியும்.

உள்ளிணைந்த செயலியை டிவைஸ் மேனேஜரில் முடக்கிவிட்டால் தனிச்செயலி தானாக வேலையை ஏற்றுக்கொள்ளும் என்ற யோசனை பரவலாகச் சொல்லப்படுகிறது. இது தவறானது. திரைக்குச் செல்லும் வழியே அடைபட்டுப்போவதால், விண்டோஸ் தன் அடிப்படைத் திரை டிரைவருக்குத் தாழ்ந்துவிடும்; வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோகூட முடியாமற்போவதுண்டு. தனிச்செயலியைத் திரையோடு நேரடியாக இணைக்கும் மக்ஸ் என்னும் மாற்றி சில மடிக்கணினிகளில் இருக்கிறது. இருந்தால் பயாஸிலோ தயாரிப்பாளரின் மென்பொருளிலோ அதை மாற்றிக்கொள்ளலாம், மின்கலம் விரைவில் தீரும் என்பதையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். பல மாதிரிகளில் ஹெச்டிஎம்ஐ துளை தனிச்செயலியோடு இணைந்திருப்பதால், வெளித்திரையில் விளையாடுவதும் ஒரு வழியே.

சரியான செயலியில் ஓடியும் வேகம் போதாவிட்டால், மின்னேற்றி செருகப்பட்டிருக்கிறதா, மின்விசிறியின் காற்றுவழி தூசியால் அடைந்திருக்கிறதா என்று பார்ப்பது முறை. மின்கலத்தில் ஓடும்போதும் சூடேறும்போதும் தனிச்செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விண்டோஸை அழித்து மீண்டும் நிறுவுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும். தவறான கோப்புக்குக் குறித்த தெரிவால் வந்த குறை மறுநிறுவலால் தீராது. சேமித்த கோப்புகள்தான் வீணே போகும். எனவே பழுதுபார்ப்பவரிடம் கணினியைக் கொடுப்பதற்கு முன், ஜிபியு எஞ்சின் பத்தியை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.